ஓர் இரவு இருக்கை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் நிகழ்த்திய உரை. பேசிய நடையிலேயே பெரும்பாலும் தரப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சார், நீங்க பேசணும். தலைப்பு சொல்லுங்க, அழைப்பிதழ்ல போடணும்" என்றார். "ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாட்டு கேட்பது பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இல்ல சார், பேங்க்ல இருந்தவராச்சே, சேமிப்பு பத்திப் பேசுவீங்கன்னு நினைச்சோம்" என்றார். சேமிப்பு பற்றிப் பேசுகிற அளவுக்கு நான் ஒன்றும் சேமித்துவிடவில்லை. ஆனால் ஒன்றைச் சேமிக்கத் தவறியவன் என்ற முறையில் பேச எனக்குத் தகுதி உண்டு. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றுக் கரை. இன்று அது மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. பஸ் டிப்போ இருக்கிறது, மகா பெரியவர் மணிமண்டபம் இருக்கிறது. நான் படிக்கிற காலத்தில் அது தறிச்சத்தமும் வயலும் மணலுமாக இருந்த ஊர். அந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று மாணவர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னான் பல்லவ அரசன். கணிகண்ணன் மறுத்தார். அரசன் அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் போனால் நானும் போகிறேன் என்று ஆழ்வார் கிளம்பினார். அவர் கேட்டுக்கொள்ள, பெருமாளும் தன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் எங்கள் ஊர். ஓர் இரவு இருக்கை, ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். அரசன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டதும் திரும்பிப் போனார்கள். பெருமாளுக்குச் சொன்ன வண்ணம் செய்தவர் என்று பெயர் வந்தது.

பாடினவன் பின்னால் சாமியே நடந்து வந்து ஓர் இரவு உட்கார்ந்த ஊர் என்று சின்ன வயதில் பெருமையாகச் சொல்லிக் கொள்வோம். அந்த ஊர்க்காரனான எனக்கு ஓர் இரவு உட்கார்ந்து பாட்டுக் கேட்பது கேவலம் என்று தோன்றியது. அந்தக் கதைதான் இது.

என் அப்பா நெசவாளி. கோர்வைப் புடவை நெய்வார். கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு ஒரு நாடா போதாது, மூன்று நாடா வேண்டும். ஒருவரால் ஆகாது, பக்கத்தில் கரைக்கு ஒரு பையன் உட்கார வேண்டும். அந்தப் பையன் நான். அப்பா நாடாவை எறிவார், நான் என் நாடாவை எறிய வேண்டும். அவர் ஒன்று சொல்வார், நான் பதில் சொல்வதைப் போல. ஒரு தடவை தவறினால் கரையில் தெரியும். அப்பா கையை ஓங்க மாட்டார், பாட்டை நிறுத்திவிடுவார். அதுதான் எனக்குத் தண்டனை. ஏனென்றால் அவர் தறியில் பாடிக்கொண்டே இருப்பார். எல்லாம் கூத்துப் பாட்டு.

அப்பாவின் பூர்வீகம் பாலாற்றுக்கு அந்தப் பக்கம். பங்குனி, சித்திரையில் அங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பத்து நாளும் நடக்கும், இருபது நாளுக்கு மேலும் நடக்கும். வில்வளைப்பு, திரௌபதி துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று ஒவ்வோர் இரவும் ஒரு கதை. பதினெட்டாம் போர் முடிந்து விடிந்தால் படுகளம். தரையில் மண்ணால் செய்த துரியோதனன் மலைபோலப் படுத்திருப்பான். பீமன் தொடையைப் பிளப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள், மாலையில் தீமிதி.

எனக்கு எட்டு வயது இருக்கும். ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா பாலாற்று மணலில் நடந்தார். பங்குனியில் ஆற்றில் தண்ணீர் ஏது? நிலவு வெளிச்சத்தில் மணல் மட்டும். கூத்து நடக்கிற இடத்துச் சத்தம் ஆற்று நடுவிலேயே கேட்டது. முதலில் கேட்டது முகவீணை. நாதஸ்வரத்துக்குக் குட்டித் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் சத்தம் அண்ணனைவிடக் கூர்மை. அப்புறம்தான் மிருதங்கமும் டோலக்கும் தாளமும் ஆர்மோனியமும் காதில் விழுந்தன. பத்து மணிக்கு மேல் நான் தூங்கிவிட்டேன். எத்தனை மணிக்கோ அப்பா என்னை உலுக்கினார். "டேய், எழுந்திரு, எழுந்திரு. துரியோதனன் வரான்." கண்ணைத் திறந்தால் இரண்டு பேர் பிடித்த திரை. திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் ஆடுகிறது. திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல். ஒலிபெருக்கியே இல்லாமல் கடைசி ஆள் வரைக்கும் போகிற குரல். திரை விலகினபோது எனக்குப் பயத்தில் மூச்சு நின்றுவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தை இன்றுவரை எந்த சினிமாவும் எனக்குத் தந்ததில்லை.

பிறகு நான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். 1978. நான் குறை சொல்லவில்லை, கல்லூரி எனக்குச் சோறு போட்டது. ஆனால் இங்கே வந்த முதல் மாதத்திலேயே ஒன்று தெரிந்துகொண்டேன். 'கூத்து' என்பது திட்டுகிற வார்த்தை. "என்னடா கூத்தடிக்கிறே?" "இது என்ன கூத்து?" எங்கள் வகுப்பில் இளையராஜா பாட்டு பாடுகிறவனுக்கு மரியாதை உண்டு. கர்நாடக சங்கீதம் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை. ஏன் இருக்காது? நயினாப் பிள்ளை இருந்த ஊர். தாளத்தில் அவரை அசைக்க ஆளில்லை என்று கச்சேரி உலகமே பயந்த வித்வான். அவர் கச்சேரிகளைக் காதால் கேட்டுக் கேட்டே பாடம் பண்ணிக்கொண்டவர் இதே ஊரில் வளர்ந்த டி.கே. பட்டம்மாள். காஞ்சிபுரத்துக்கு அந்தப் பெருமை உண்டு. ஆனால் விடிய விடியக் கூத்து கேட்பவனுக்கு என்ன பெருமை? நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருஷத்தில் ஒரே ஒருவனிடம்கூட நான் கூத்து பார்த்திருக்கிறேன் என்று சொன்னதில்லை. முன் வரிசையில் இருக்கும் என் தோழர்களுக்கே இது இன்றுதான் தெரியும்.

1996இல் அப்பா காலமானார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கருமாதி இரவில் கர்ண மோட்சம் கூத்து வைக்கிற பழக்கம் உண்டு. செத்தவர் நல்ல கதி அடையட்டும் என்று. சித்தப்பா வந்து, "அண்ணனுக்குக் கர்ண மோட்சம் வெக்கணும்டா. அவரு ஆசப்பட்டது" என்றார். நான், "அதெல்லாம் வேணாம் சித்தப்பா. ஆபீஸ்ல இருந்து நாலு பேர் வருவாங்க. நல்லா இருக்காது" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கருமாதிக்குச் சாப்பாடு பிரமாதமாகப் போட்டேன். ஆபீஸிலிருந்து வந்த நால்வரும் பாயசத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 2008இல் எனக்கு ஷில்லாங்குக்கு மாற்றல் வந்தது. மேகாலயா. மலை, குளிர், மழை. வீட்டுக்கு வீடு கிடார் உள்ள ஊர் அது. லூ மஜா என்ற பாடகர் 1972 முதல் ஒவ்வோர் ஆண்டும் மே 24ஆம் தேதி, பாப் டிலன் பிறந்த நாளுக்குக் கச்சேரி வைக்கிறார். 'சோல்மேட்' என்ற ப்ளூஸ் குழு 2003இல் அந்த ஊரில்தான் தொடங்கியது. ரூடி வாலாங் கிடார், டிப்ரிட்டி கார்பங்கர் பாட்டு. 2007இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் நடந்த உலக ப்ளூஸ் போட்டி வரைக்கும் போய் வந்தவர்கள். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. என் கிளையில் ஒரு காசிப் பையன் வேலை பார்த்தான். காசி என்றால் நம் காசி இல்லை, அங்கே உள்ள மக்களின் பெயர். அவன் ஒரு சனிக்கிழமை, "வாங்க சார், ரூம்ல தனியா என்ன பண்ணப் போறீங்க" என்று இழுத்துக்கொண்டு போனான்.

சின்ன மண்டபம். அறுபது எழுபது பேர். பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளூர்க் குழு ஒன்று. பாட்டு இங்கிலீஷ். எனக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. ஆனால் மெதுவான பாட்டு ஒன்றைப் பாடினார்கள். பாடுகிறவர் ஒரு வரி பாடினார், கிடார் அதற்குப் பதில் சொன்னது. அதே வரியைத் திரும்பப் பாடினார், கிடார் இந்த முறை வேறு பதில் சொன்னது. மூன்றாவது வரியில் கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் "ம்ம்!" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டு பாடகர் அடுத்த வரியை இன்னும் இழுத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏதோ தெரிந்த இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது. எந்த இடம் என்று மட்டும் தெரியவில்லை.

வெளியே டீ குடிக்கும்போது அந்தப் பையன் கேட்டான், "உங்க ஊர்ல இந்த மாதிரி உண்டா சார்?"

"இல்லப்பா. எங்க ஊர்ல கோயில், பட்டு, இட்லி, அவ்வளவுதான்" என்றேன்.

அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை நண்பர்களே. நான் சொன்னது பொய். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முப்பது வருஷமாகப் பழகிய பொய் அது.

அதற்குப் பிறகு ப்ளூஸ் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் பருத்திக்காடுகள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடுதலைக்குப் பிறகும் அங்கே கூலிக்கும் வாரத்துக்கும் உழைத்தார்கள். அவர்கள் பாட்டு அது. மட்டி வாட்டர்ஸ் என்ற மாபெரும் பாடகர் கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பருத்திப் பண்ணையில் வேலை செய்தவர். 1941இல் ஆலன் லோமாக்ஸ் என்ற ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தப் பண்ணைக்கே போய் அவரைப் பாட வைத்துப் பதிவு செய்தார். தன் குரலைத் தானே கேட்ட பிறகு அவருக்கு நம்பிக்கை வந்தது. 1943இல் ரயிலேறி சிகாகோ போய்ச் சேர்ந்தார். பருத்திக்காட்டில் பிறந்த பாட்டு, பட்டுத்தறியில் பிறந்தவனைத் தொட்டதில் ஆச்சரியம் என்ன என்று நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

அதன் அமைப்பு எளியது. பெரும்பாலும் பன்னிரண்டு தாளக்கட்டு. முதல் வரி தன் கஷ்டத்தைச் சொல்லும். இரண்டாவது வரி அதையே திரும்பச் சொல்லும். மூன்றாவது வரி பதில் சொல்லும். இடைவெளியில் கிடார் பேசும். சுரத்தில் ஒரு சங்கதி உண்டு. நம் காதுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், காந்தாரத்தையும் நிஷாதத்தையும் கொஞ்சம் தாழ்த்தி, இரண்டு சுரத்துக்கு நடுவே நிறுத்தி அழ வைப்பது. நம் ஒப்பாரியில் அந்த இடம் வரும். கூத்தில் விருத்தம் பாடும்போது வரும்.

இதிலிருந்து அது வந்தது, அதிலிருந்து இது வந்தது என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ப்ளூஸ் தனி மனிதன் தன் துக்கத்தைத் தானே பாடுவது, ஐந்து நிமிஷத்தில் முடியும். கூத்து பாரதம் பாடுவது, விடிய விடியப் போகும். ஆனால் ஒன்றில் இரண்டும் ஒன்று. கேட்கிறவன் இல்லாமல் இரண்டும் இல்லை. ரெக்கார்டில் கேட்டால் பாட்டு கேட்கும். அந்தக் கிழவருடைய "ம்ம்" கேட்காது, அந்த "ம்ம்"முக்காகப் பாடகர் இழுத்த இழுப்பும் இருக்காது.

அமெரிக்காவிலேயே இதற்காகச் சின்ன ஊர்களில் விழா நடத்துகிறார்கள். மிசிசிப்பி ஆற்றங்கரையில் அர்க்கன்சா மாநிலத்தில் ஹெலினா என்று ஒரு சிற்றூர். 1986 முதல் அங்கே ப்ளூஸ் விழா நடக்கிறது. ஜனங்கள் ஆற்றங்கரை மேட்டில் உட்கார்ந்து கேட்கிறார்கள். பி.பி. கிங் உலகம் முழுக்கப் பாடியவர், 2015இல் மறைந்தார். அவர் ஆண்டுதோறும் தன் ஊர் என்று சொல்லிக்கொண்ட இந்தியனோலா என்ற சின்ன ஊருக்குத் திரும்பி வந்து பாடுவதை வழக்கமாக வைத்திருந்தார். பெரிய மனிதர்கள் தன் ஊருக்கு வந்து உட்கார வெட்கப்படவில்லை. நான் என்ன பெரிய மனிதன்?

2009 பங்குனியில் லீவு போட்டுவிட்டு வந்தேன். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பாரதம், அன்று கர்ண மோட்சம். சித்தப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். தனியாகத்தான் போனேன்.

கர்ணன் போருக்குப் போகுமுன் பொன்னுருவியிடம் விடைபெறுகிற இடம். குலம் தெரியாதவன் என்று அவனை அதுவரை இகழ்ந்த மனைவி. அவன் தன் பிறப்பைச் சொல்கிறான். கர்ணன் வேஷக்காரர் ஓர் அடி பாடுகிறார், பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள், ஆர்மோனியம் இடையில் புகுந்து பதில் சொல்கிறது. ஷில்லாங் மண்டபத்தில் எனக்குத் தெரிந்த இடமாகத் தோன்றியது இதுதான். எட்டு வயதில் காதில் விழுந்தது. அதற்கு முன்னாலேயே தறியில் கேட்டது. அவர் எறிவார், நான் எறிவேன்.

விடியற்காலை நாலு நாலரைக்கு, அடிபட்டு விழுந்த கர்ணனைக் குந்தி மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு அழுகிற இடம் வந்தது. ஆம்பளை ஒருவர்தான் குந்தி வேஷம். ஆனால் அழுகை அசல் ஒப்பாரி. முன்னால் உட்கார்ந்திருந்த கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் வேஷம் கலைத்த கர்ணனை டீக்கடையில் பார்த்தேன். கன்னத்தில் அரிதாரம் பாதி போகாமல் இருந்தது. என் அப்பா கருமாதிக் கதையை அவரிடம் சொல்லி, "இன்னைக்கு அவருக்காகக் கேட்ட மாதிரி இருந்துச்சுங்க" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அது வேற, இது வேற சார். உங்கப்பாவுக்கு ஆடறதுன்னா அன்னைக்கு ஆடியிருக்கணும். இன்னைக்கு உங்களுக்கு ஆடினோம்" என்றார். ஆறுதலுக்காகப் பொய் சொல்லாத மனிதர். அந்தப் பாக்கி என் கணக்கில் அப்படியே நிற்கிறது. வங்கிக்காரனுக்குத் தெரியும், சில பாக்கியை வசூலிக்க முடியாது.

சரி, என் கதை போதும். கூத்துக்குப் போக நினைக்கிற மாணவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். அனுபவிக்கத் தெரியாமல் போனால் ஒரு மணி நேரத்தில் எழுந்து வந்துவிடுவீர்கள்.

முதலில், அன்றைய கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். என்ன நடக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பாய் ஒன்று, போர்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேர் கீழே உட்காராதீர்கள். வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் பாடுகிறவருக்கும் மிருதங்கக்காரருக்கும் நடுவில் நடக்கிற கண்ஜாடை தெரியும். அங்கே எழுதி வைத்த தாள் கிடையாது. ஒரு பாட்டை நீட்டுவதா முடிப்பதா என்பது அந்தக் கண்ஜாடையில்தான் தீர்மானம் ஆகும்.

கட்டியக்காரனை அலட்சியம் செய்யாதீர்கள். கோமாளி மாதிரி இருப்பான், ஆனால் அவன்தான் நிகழ்ச்சியைக் கட்டி இழுப்பவன். ராஜாவைக் கேலி செய்வான், ஊர்த் தலைவரையும் கேலி செய்வான். நீங்கள் தூங்கினால் உங்களையும் செய்வான். யாராவது அன்பளிப்பு கொடுத்தால் பெயர் சொல்லி வாழ்த்துவதும் நடக்கும். இருக்கிறதைக் கொடுங்கள், பெயர் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதுவும் அந்த இரவின் ஒரு பகுதி.

கட்டை வேஷம் கட்டின ராஜாக்கள் வரும்போது எழுந்து உட்காருங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்தவை. அந்தக் கனத்தோடு சுழன்று சுழன்று ஆடி, மூச்சு வாங்காமல் உச்ச சுருதியில் பாட வேண்டும். நடுவில் தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பில்லை. ஊர் ஜனங்களும் தூங்குவார்கள். முக்கியமான கட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுப்பிவிடுவார். அதுதான் அந்தக் கூட்டத்தின் ஒப்பந்தம். ஆனால் விடிவதற்கு முன் கிளம்பாதீர்கள். மற்ற நேரம் எல்லாம் அந்த நேரத்துக்காகத்தான்.

இன்றைய நிலைமையையும் சொல்ல வேண்டும். இந்தக் கலைக்கு நல்லது செய்தவர்கள் இருக்கிறார்கள். செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்தில் தம்பிரான் பரம்பரை தலைமுறை தலைமுறையாக ஆடி வருகிறது. அந்தப் பரம்பரையிடம் கற்றுக்கொண்டு அதை நவீன நாடகத்துக்குக் கொண்டு போனவர் ந. முத்துசாமி, 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினவர். நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 1990இல் தொடங்கியது. அங்கே 2002 முதல் 2020 வரை நடந்த குருகுலத்தில் பிள்ளைகள் படிப்பும் கூத்தும் சேர்த்துக் கற்றார்கள். ஆண்களே ஆடி வந்த கலையில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டி ஆடினார்கள். நம்மில் எத்தனை பேர் அங்கே ஒரு தடவை போயிருப்போம்? நான் கை தூக்கச் சொல்லவில்லை, எனக்கே கை தூக்க வெகு காலம் ஆயிற்று.

கஷ்டங்களும் உண்டு. முகவீணை வாசிப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கூத்துக்குப் பதில் ஆர்கெஸ்ட்ரா வைத்துக் கொள்ளலாம் என்கிற ஊர்கள் அதிகமாகிவிட்டன. 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாவுக்கென்று அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் தூங்க வேண்டும், விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்து மணிக்குத் தொடங்குகிற கலைக்கு அது கழுத்தில் கத்தி. அந்தக் காலத்துக் குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டியிருக்கவில்லை என்று சொன்னேன். இன்றைக்கும் குழாயின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஜனங்கள் நெருங்கி உட்கார்ந்து கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு நெருங்கி உட்கார ஜனங்கள் வேண்டும்.

2020லும் 2021லும் கொரோனா வந்தது சரியாகப் பங்குனி, சித்திரையில். கூத்துக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு பருவம்தான். இரண்டு பருவம் அப்படியே போயிற்று. நமக்கெல்லாம் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வந்தன. வேஷம் கட்டுகிறவருக்கு ஆடினால்தான் காசு. அந்த இரண்டு வருஷத்தில் கிரீடத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களில் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை.

இதற்கு நம் சங்கம் நிதி திரட்ட வேண்டும், விருது கொடுக்க வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டு வரப்போவதில்லை. செய்தால் சந்தோஷம். ஆனால் கூத்துக்காரர் முதலில் கேட்பது கூட்டத்தைத்தான். ஐந்து பேருக்கு முன்னால் ஆடுகிற துரியோதனனும் ஐந்நூறு பேருக்கு முன்னால் ஆடுகிற துரியோதனனும் ஒருவன் இல்லை. ஆடுகிறவர் பாதி செய்கிறார். மீதியைப் பாயில் உட்கார்ந்திருக்கிறவர்கள் செய்கிறார்கள். என் தலைமுறை படித்தது, வேலைக்குப் போனது, பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டது. அவர்கள் பாட்டை நிறுத்திவிட்டதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். நாடாவைத் திருப்பி எறிய வேண்டிய பையன் தறியைவிட்டு எழுந்து போனது முதலில்.

மாணவர்களே, உங்களிலும் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இருப்பீர்கள். உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கு ஏதாவது ஒரு கூத்துப் பாட்டு தெரிந்திருக்கும். அதை ஹாஸ்டலில் சொல்ல வெட்கப்படாதீர்கள். யாராவது, "உங்க ஊர்ல இந்த மாதிரி உண்டா?" என்று கேட்டால், "உண்டு" என்று சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

வருகிற பங்குனியில் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் அர்ச்சுனன் தபசுக்குப் போகிறேன். நட்டு வைத்த உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறுவார். மேலேயிருந்து அவர் போடுகிற பூவையும் எலுமிச்சம்பழத்தையும் பிடிக்கக் கீழே முந்தானையை விரித்துப் பெண்கள் நிற்பார்கள். நாள் தெரிந்ததும் செயலாளரிடம் சொல்லி அறிவிப்புப் பலகையில் போடச் சொல்கிறேன். இரவு எட்டு மணிக்கு ஓரிக்கை டிப்போ வாசலில் நிற்பேன். ஆற்று மணலில் நடக்க இப்போது முழங்கால் இடம் தராது, பாலத்தின் மேல் பஸ்ஸில் போகலாம். பாய் நான் கொண்டுவருகிறேன், போர்வை அவரவர் பாடு.